மிதக்கும் தோட்டம் உண்மையில் மிதந்ததா?

கேள்வி: மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் ஏரியின் மேல் ‘மிதக்கும் தோட்டங்கள்’ அமைத்துப் பயிர் செய்தார்கள் என்று படித்தேன். மண் எப்படி மிதக்கும்? சுற்றிலும் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடாதா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அவை மிதக்கவில்லை. ‘சினாம்பா’ எனப்படும் அந்தத் தோட்டங்கள் ஏரியின் தரையிலேயே ஊன்றி நின்ற மேட்டுப் பாத்திகள். ஆஸ்டெக் மக்கள் பேசிய நவாட்டில் மொழியில் நாணல் வேலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கட்டிய முறையும் அதுதான். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள மெக்சிகோ பள்ளத்தாக்கின் தெற்கில், ஊற்று நீரால் நிறைந்த சோச்சிமில்கோ, சால்கோ ஆகிய ஆழமற்ற நன்னீர் ஏரிகளில், நீண்டு குறுகிய செவ்வகமாகக் கழிகளை நட்டு, இடையே நாணலைப் பின்னி, உள்ளே நீர்த்தாவரங்களையும் ஏரிச் சேற்றையும் மாறி மாறி அடுக்கி, நீர்மட்டத்துக்கு மேலே பாத்தியை உயர்த்தினார்கள். கரையோரத்தில் அவெஹோத்தே என்னும் ஒரு வகை வில்லோ மரத்தை நட்டார்கள். அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். மரம் ஒல்லியாக நெடிது வளர்வதால் பயிருக்கு நிழல் விழாது.

வேர் அழுகுமா என்று நீங்கள் கேட்டது விவசாயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. பாத்தி குறுகலாக இருந்ததால் இருபுற வாய்க்கால்களின் நீரும் பக்கவாட்டில் ஊறி, கீழிருந்து வேருக்கு ஈரம் கொடுத்தது; மேல்மண் நீருக்கு மேலே இருந்ததால் காற்றோட்டம் குறையவில்லை. உயரம் குறைந்தால் வேர் அழுகும், கூடினால் தண்ணீர் இறைத்து ஊற்ற வேண்டிவரும். அந்த அளவைச் சரியாகப் பிடித்ததில்தான் அவர்களுடைய அறிவு முழுவதும் இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்த உயரமான பகுதியில் விழும் உறைபனியின் கடுமையையும் வாய்க்கால் நீரின் வெப்பம் ஓரளவு தணித்தது.

நாற்று விடும் முறை இன்னும் அழகானது. வாய்க்காலின் அடியிலிருந்து வாரிய சேற்றைக் கரையோரம் பரப்பி, பாதி காய்ந்ததும் பர்பி போடுவதுபோல் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குழி செய்து விதையிட்டு மூடுவார்கள். நாற்று முளைத்து வளர்ந்த பின், வேர் அறுபடாமல், அந்தச் சேற்றுக் கட்டியோடு எடுத்துப் பாத்தியில் நடுவார்கள். ஒரு பயிர் விளைந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு நாற்று தயாராகிவிடும் என்பதால், மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய், தக்காளி, பூக்கள் என்று ஆண்டு முழுவதும் நிலம் சும்மா கிடக்கவில்லை. வாய்க்காலைத் தூர்வாரிய அந்தச் சேறே பயிருக்கு உரமும் ஆயிற்று.

ஆஸ்டெக் ஆட்சிக்கு முன்பே தொடங்கிய இம்முறை, 15-ஆம் நூற்றாண்டில்தான் பெருமளவில் பரவியது. 1325-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் தலைநகர் தெனோச்தித்லானுக்கு விளைச்சல் படகிலேயே போய்ச் சேர்ந்தது. தெஸ்கோகோ ஏரியின் உப்புநீர் நகரை ஒட்டிய நன்னீரில் கலக்காமலிருக்க, மன்னர் நெசவால்கோயோட்ல் காலத்தில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடுப்பணையும் எழுப்பினார்கள்.

1521-இல் நகரம் ஸ்பானியர் வசமானது. பின்னர் ஏரிகளை வடிக்கும் வேலைகள் தொடங்கின. எஞ்சியுள்ள சோச்சிமில்கோ 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தாலும், அதன் ஊற்று நீர் மெக்சிகோ நகரின் குடிநீருக்குத் திருப்பப்பட்டு, வாய்க்கால்களில் இப்போது சுத்திகரித்த கழிவுநீர் ஓடுவது மனத்தை வருத்துகிறது. ஆயினும் அங்கே இன்றும் சேற்றுச் சதுரங்களில் விதையிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தங்கள் வாய்க்கால்களில் நீரை வடிகட்டும் தடுப்புகள் வைத்து நீரைத் தெளிவித்து, அங்கு மட்டுமே இயற்கையில் வாழும் ஆக்சலோட்டல் என்னும் நீர்வாழ் உயிரினத்துக்கு இடம் அமைத்து வருகிறார்கள். அதே நீர்தான் அவர்களுடைய பாத்திகளுக்கும் ஊறுகிறது.