சாப்பாடும் பங்கும் தருகிறார்களாம், மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம்.

கோவில்பட்டியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் மகளுக்கு வந்திருக்கும் ஆஃபர் லெட்டரையும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு பக்கம், ஊரில் யாரைக் கேட்டாலும் பெயர் தெரிந்த பெரிய ஐ.டி. நிறுவனம். மறுபக்கம், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வேகமாக வளர்ந்துவரும் மென்பொருள் நிறுவனம்: ஆண்டுக்கு 12 லட்சம், வேளா வேளைக்குச் சாப்பாடு, கணக்கில்லாத விடுப்பு, போதாததற்கு நிறுவனத்தின் பங்குகள் (ஷேர்). "கேள்விப்படாத கம்பெனியை நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம் என்பதே என் கருத்து. முதல் இரண்டு ஆண்டுகளில் அங்கே கற்றுக்கொள்ளக்கூடிய தொழிலுக்காக அனுப்புங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த 12 லட்சத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். நிலையான சம்பளம் 8,40,000. வேரியபிள் பே 1,20,000. இது கம்பெனியும் பெண்ணும் இலக்கை எட்டினால் மட்டுமே கிடைக்கும். ஜாயினிங் போனஸ் 1,00,000; முதல் ஆண்டோடு சரி, ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. மீதி 1,40,000 பங்கின் மதிப்பு. நிலையான சம்பளத்துக்குள்ளேயே கம்பெனி கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்கும் தொகை இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். தொகையும் கழிந்தால், மாதம் கையில் வருவது ஏறத்தாழ 64,000 ரூபாய். நல்ல சம்பளம்தான். ஆனால் மாதம் ஒரு லட்சம் வரும் என்று எண்ணி வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணிக்கொடையும் பொதுவாக ஐந்தாண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கைக்கு வரும்.

பங்கு விஷயத்தில் எனக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது, அதாவது அதன் பங்குகளை யாரும் அங்கே வாங்கி விற்கலாம் என்றானபோது, அதன் ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அது நடந்த செய்தி, கட்டுக்கதை இல்லை. அதே நிறுவனம் 2024 நவம்பரில் தன் ஊழியர்களில் சுமார் 13 சதவீதம் பேரைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். உங்கள் மகளுக்குத் தருவதாகச் சொல்லும் பங்குகளை வாங்கும் உரிமை நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகத்தான் அவருக்குக் கிடைக்கும்; முதல் ஓராண்டில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்காது. அதன் பிறகும் குறித்த விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கும் அன்றைய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். கம்பெனி பட்டியலாகாதவரை அதை விற்க வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே குடும்ப வரவு செலவில் பங்குக்குப் பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வந்தால் மகிழ்ச்சி.

கம்பெனியின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி என்று நாளிதழில் வருவதை வைத்தும் தைரியம் கொள்ள வேண்டாம். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்பதை யாரும் பார்க்கலாம். ஆள் எண்ணிக்கை மாதந்தோறும் கூடுகிறதா, திடீரென்று சரிகிறதா, கட்ட வேண்டிய தேதி தவறுகிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

சலுகைகளில் நீங்கள் ஒரு வரிகூடக் குறிப்பிடாத ஒன்றுதான் என் கண்ணில் பட்டது: மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிவரலாம். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே அதற்கும் சேர்த்துத் தருவார்கள். இங்கேயும் அப்படித்தானா, பெற்றோருக்கான பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் இந்தக் காப்பீடும் நின்றுவிடும் என்பதால், சிறிய தொகைக்காவது சொந்தப் பாலிசி ஒன்றும் இருக்கட்டும்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்றால், எட்டு மணிக்கும் அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். வளரும் கம்பெனியில் வேலை கூடத்தான் இருக்கும். அதை மகள் தெரிந்தே ஏற்க வேண்டும். கணக்கில்லாத விடுப்பு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணக்கில் இல்லாத விடுப்பு பெரும்பாலும் சேராது, விலகும்போது பணமாகவும் மாறாது. "உங்கள் குழுவில் போன ஆண்டு ஒவ்வொருவரும் ஏறக்குறைய எத்தனை நாள் விடுப்பு எடுத்தார்கள்?" என்று மேலாளரிடம் நேராகவே கேட்கலாம். தயங்காமல் பதில் சொல்லும் மேலாளரை நம்பலாம். இரவில் வீடு திரும்ப வண்டி உண்டா, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

நிறுவனரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இருபத்திரண்டு வயதுப் பெண் கூட்டத்தில் எழுந்து "இது சரிவராது" என்பாள். நம் வீட்டுப் பழக்கத்துக்கு இது துடுக்குத்தனமாகத் தோன்றும். அங்கே அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பேசத் தயங்குகிற பெண் என்று எழுதியிருந்தீர்கள்; அந்தத் தயக்கம் போக இது நல்ல இடம். பெரிய நிறுவனத்தில் சில மாதங்கள் பயிற்சி, பிறகு புராஜெக்டுக்காகக் காத்திருப்பு என்று போகலாம். இங்கே முதல் மாதமே அவர் எழுதிய நிரலை வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கியிருப்பார். அதற்கு அருகில் உட்கார்ந்து திருத்திச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். குழு முழுக்கப் புதியவர்கள் என்றால் நான் அனுப்ப மாட்டேன்.

பதில் சொல்ல இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. யாரிடம் வேலை கற்பார், வேலையை விடுவதானால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் (நோட்டீஸ் காலம்), பெற்றோர் காப்பீட்டின் விதிகள் என்ன என்ற மூன்றையும் மகள் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். நீங்கள் பேச வேண்டாம், அவரே பேசட்டும். அசல் சான்றிதழ்களைப் பார்க்கக் கொடுக்கலாம், ஒப்படைக்கக் கூடாது. பதில்கள் தெளிவாக இருந்தால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரிய நிறுவனத்துக்கும் மறுப்பைக் காலதாமதமின்றி மரியாதையாக எழுதி அனுப்பிவிடச் சொல்லுங்கள்.