பிளேடு விரிசலை மென்பொருளே குறித்துக் காட்டினால், போரஸ்கோப் ஆய்வாளரின் வேலை என்னவாகும்?

கேள்வி: விமான இன்ஜின் பணிமனையில் மூன்று ஆண்டுகளாகப் போரஸ்கோப் (இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) ஆய்வு செய்து வருகிறேன். டர்பைன் பிளேடுகளின் விரிசலையும் தேய்மானத்தையும் தானே குறித்துக் காட்டும் மென்பொருள் இப்போது வந்துவிட்டது. இத்தொழிலில் நீடிக்கலாமா, வேலையை விட்டுவிட்டுத் தரவு அறிவியல் படிக்கலாமா?

பதில்: நீடிக்கலாம். ஆனால், உங்கள் வேலையில் எந்தப் பகுதி செயற்கை நுண்ணறிவின் கைக்குப் போகிறது என்பதைப் பிரித்தறிந்துகொண்டு நீடிக்க வேண்டும்.

முதலில் போவது தேடும் வேலை. ஒன்றுபோலவே தோன்றும் பிளேடுகளை மணிக்கணக்கில் பார்க்கும்போது மனிதக் கண் சோர்ந்துவிடும். மனித ஆய்வு விரிசலைத் தவறவிடலாம் என்பதை விமானத்துறை பெரும் விலை கொடுத்தே கற்றது. 1989 ஜூலை 19 அன்று, 296 பேருடன் பறந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தின் வால்பகுதி இன்ஜினில் விசிறி பிளேடுகளைத் தாங்கும் தட்டு உடைந்து சிதறியதில், விமானத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. 112 பேர் உயிரிழந்தனர். உலோகக் களைப்பால் உண்டான விரிசல் பணிமனை ஆய்வில் பிடிபடாமல் போனதென்றும், ஆய்வு நடைமுறைகள் மனித வரம்புகளைப் போதிய அளவு கருதவில்லை என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. ஆகவே, களைப்படையாத ஒரு துணை வருவதை நான் மனமார வரவேற்கிறேன்.

எனினும், குறியிடுவது வேறு, முடிவெடுப்பது வேறு. திரையில் தெரியும் கோடு விரிசலா, கார்பன் படிவா, வெளிச்சம் விழுந்த கோணத்தால் தோன்றிய நிழலா என்று கேமராவைத் திருப்பிப் பார்ப்பதும், அதன் நீளத்தை அளந்து உற்பத்தியாளர் கையேட்டின் வரம்போடு ஒப்பிடுவதும் உங்கள் வேலையாகவே இருக்கும். பறக்கத் தகுதியானது என ஒப்பமிடும் பொறுப்பும் உரிமம் பெற்ற மனிதரிடமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை 2020இல் முதன்முதலாக வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுத் திட்ட வரைவும், மனிதருக்கு உதவுவதை முதல் படியாகவும், மனிதரோடு இணைந்து இயங்குவதை இரண்டாம் படியாகவும், தானே இயங்குவதை அதற்கும் மேலான படியாகவும் வைக்கிறது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. ஆயிரக்கணக்கான நல்ல பிளேடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓர் ஆய்வாளருக்குக் கெட்ட பிளேடு சட்டெனப் புலப்படுகிறது. மென்பொருள் ஐயத்துக்குரிய படங்களை மட்டும் வடிகட்டித் தந்தால், புதிதாக வருபவர்கள் அந்தக் கண் பயிற்சியை எங்கே பெறுவார்கள்? அபூர்வமான சேதங்களுக்கு மாதிரிப் படங்கள் குறைவு என்பதால் மென்பொருள் தவறவிடக்கூடியதும் அவற்றைத்தான். அங்கே பயிலாத கண்ணும் சேர்ந்து தவறவிடும். அதனால் மென்பொருளின் குறிகளைப் பார்க்கும் முன், உங்கள் கணிப்பை நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டும் முரண்படும் இடங்களையும், இன்ஜினைப் பிரித்தபோது எது சரியென்று தெரிந்தது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வாருங்கள்.

சென்சார் தரவிலிருந்து பழுதை முன்கூட்டியே கணிக்கும் முறைகளைப் பொறுத்தவரை, பதிவேடு நிரப்பும் வேலை குறையும்; உதிரிபாகத்தைக் கழற்றிச் சோதித்து, கணிப்பு மெய்யா என்று சொல்லும் வேலை குறையாது.

படிப்பு என்றால், சுழல் மின்னோட்டம், மீயொலி ஆகிய, பாகத்தைச் சேதப்படுத்தாமல் குறையைக் கண்டறியும் சிதைவில்லாச் சோதனைகளில் இரண்டாம் நிலைத் தகுதியை முதலில் பெறுங்கள்; சோதனை முடிவைப் பொருள்கொண்டு மதிப்பிடும் அதிகாரம் அந்த நிலையில்தான் கிடைக்கிறது. அதன்பின் பராமரிப்பு உரிமத்துக்கு முயலுங்கள். தரவு அறிவியலில் உங்களுக்கு உடனே வேண்டியது, பொய் எச்சரிக்கை, தவறவிடல், கண்டறியும் நிகழ்தகவு ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும் அளவுக்கான புள்ளியியல். அதை வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் படித்துவிடலாம்.