ஹைபிரிட் எடுத்தால் பெட்ரோல் மிச்சமா?

தண்டையார்பேட்டையில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். பெட்ரோல் இன்ஜினோடு கரன்ட் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கார் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி (திருவொற்றியூர்): தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்தான் போய்வருகிறேன். நிஜமாகவே மைலேஜ் கிடைக்குமா?

உங்கள் ரோட்டுக்கென்றே செய்த வண்டி அது, அண்ணே. ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பத்தடி நகர்ந்து நிற்கும்போது, சாதாரண கார் சும்மா நின்றே பெட்ரோல் குடிக்கும். மிதிக்கிற பிரேக்கெல்லாம் சூடாகி வீணாகும். மோட்டார் தனியாகவே வண்டியை இழுக்கிற ஸ்ட்ராங் ஹைபிரிட்டில், பிரேக் மிதிக்கும்போது அந்த வேகம் கரன்டாகி பேட்டரிக்குத் திரும்பும், ஊர்ந்து போக அது போதும். ஒருமுறை கஸ்டமர் வண்டியோடு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டினேன். இன்ஜின் சத்தமே இல்லை, ஏசி மட்டும் ஓடியது. பேட்டரி சார்ஜைக் காட்டும் கோடு இறங்கியதும் இன்ஜின் தானாக எழுந்து, சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கேள்வி (மாதவரம்): வாரம் இரண்டு தடவை நெல்லூர் போவேன். டவுனில் ஓட்டுவது குறைவு.

ஹைவேயில் ஒரே வேகத்தில் போனால் பிரேக்குக்கு வேலையில்லை, கரன்ட் திரும்பவும் வழியில்லை. லாபம் சுருங்கிவிடும். நல்ல பெட்ரோல் வண்டியே போதும்.

கேள்வி (ராயபுரம்): ஹைபிரிட் என்றுதான் விற்றார்கள். டவுனில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?

உங்களுடையது மைல்ட் ஹைபிரிட், அக்கா. அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், தனியாக வண்டியை இழுக்காது. மாருதியின் கிராண்ட் விட்டாரா காரையே பாருங்கள். 2022இல் வந்தபோது கம்பெனி சொன்ன மைலேஜ் ஸ்ட்ராங்குக்கு 27.97, மைல்ட் மேனுவலுக்கு 21.11. இரண்டுமே டெஸ்ட் கணக்கு, நம்ம வடசென்னை மின்ட் பக்க நெரிசலில் ஓட்டிப் பார்த்ததல்ல!

கேள்வி (வியாசர்பாடி): கூடக் கொடுக்கிற பணம் எப்போது திரும்பும்? மழைக்குத் தாங்குமா?

விலை வித்தியாசம் 2.5 லட்சம், பெட்ரோல் 100 ரூபாய், டவுன் மைலேஜ் 11க்குப் பதில் 20 என்று வைத்துக்கொள்வோம், தம்பி. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 4,100 ரூபாய் மிச்சம், போட்ட பணம் எடுக்க 5 வருடம். மாதம் 400தான் என்றால் 12 வருடத்துக்கு மேல். அதுவரை அந்த வண்டியை வைத்திருப்பீர்களா?

மழையில் ஓட்டலாம். தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதையில் மட்டும் எந்த காரையும் இறக்காதீர்கள். மூழ்கிவிட்டால் பானெட்டைத் திறந்து ஆரஞ்சு கலர் ஒயரில் கை வைக்காதீர்கள், ஹை வோல்டேஜ். சக்கரம் உருளாமல் முழுசாக மேலே ஏற்றிப் போகிற டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.