மாலை காய்ந்தால் தோஷமா?

கேள்வி: மகளுக்கு வரன் அமையவில்லை என்று திருமணஞ்சேரிக் கோயிலில் சாமிக்கு மாலை சாத்தி, அதைத் திரும்ப வாங்கி வந்தோம். எட்டு மாதமாகிறது. பூஜையறையில் மாட்டிய மாலை காய்ந்து உதிர்கிறது. ‘இது தோஷம், சித்திரைத் திருக்கல்யாணத்தில் மறுபடி சாத்த வேண்டும்’ என்று தெரிந்தவர் ஒருவர் 9,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சம்பங்கியும் ரோஜாவும் எட்டு மாதத்தில் காயாமல் என்ன செய்யும்? கல்யாணம் முடிந்ததும் தம்பதியாகப் போய் அந்த மாலையைக் கோயிலில் திரும்பச் சேர்ப்பதுதான் வழக்கம். அப்படி வரும் மாலைகளைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பூ சருகாகி, நாரும் ஜிகினாவும்தான் மிச்சமிருக்கும். அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, உதிர்ந்ததையும் அள்ளிப் போட்டு வையுங்கள். வேலை முடிந்தது.

திருக்கல்யாணத்தன்று சாத்தினால்தான் பலன் என்பதும் சும்மா. அங்கே மாலை சாத்துவது வருஷம் முழுக்க நடக்கிறது. உற்சவர் கல்யாணசுந்தரரே கோகிலாம்பாளின் கையைப் பிடித்தபடி கல்யாணக் கோலத்தில்தான் நிற்கிறார். அம்பாள் வெட்கத்தில் தலை சாய்த்திருப்பாள். திருவிழாவன்று போனால் கூட்டத்தில் அந்த முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது.

அந்த 9,000-க்கு என்ன தருவார் என்று எனக்குத் தெரியும். வேன் ஏற்றி மூன்று கோயில் காட்டுவார். மாப்பிள்ளையாக வந்த சிவனைப் பரத முனிவர் எதிர்கொண்டு அழைத்த எதிர்கொள்பாடி, கல்யாண வேள்வி நடந்த திருவேள்விக்குடி, அப்புறம் திருமணஞ்சேரி. மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர். குத்தாலத்தில் (அருவி விழுகிற குற்றாலம் இல்லை, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருப்பது) ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து நீங்களே பார்த்துவிடலாம். ‘குருக்களைத் தெரியும், உள்ளே கூட்டிப் போகிறேன்’ என்று வாசலில் ஒட்டிக்கொள்பவரிடம் பேச்சே வேண்டாம். அர்ச்சனைச் சீட்டைக் கோயில் கவுன்ட்டரில் வாங்குங்கள். சீட்டு இல்லாமல் யார் கையிலும் காசு கொடுக்காதீர்கள்.

இத்தனை வருஷமாகியும் இதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் நிர்வாகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நான் இருந்த இடத்தில் கட்டணப் பலகை, செருப்பு வைக்கும் ரேக்குக்குப் பின்னால் இருந்தது. நகர்த்தி வைக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. புரோக்கர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல் உண்டு. மாலையே இல்லாமல் போவது. வீடு மாற்றும்போது தொலையும், எலி இழுக்கும், வேலைக்கு வரும் அம்மா குப்பையோடு கூட்டிவிடுவார். நார் இருந்தால் நார், ஒரு பிடி சருகு இருந்தால் அது போதும். ஒன்றுமே இல்லையா? கல்யாணத்துக்குப் பிறகு தம்பதியாகப் போய் புது மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு வரட்டும். இதற்கென்று தனிப் பரிகாரம் எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை. யாராவது சொன்னால், கோயில் சீட்டில் அதன் பெயரும் கட்டணமும் அச்சடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மாலையோடு கொடுத்த எலுமிச்சம்பழத்தை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அதை அப்போதே உப்புப் போடாமல் பிழிந்து மகள் குடித்திருக்க வேண்டும். இன்னும் சாமி படத்தருகே இருந்தால், இப்போது குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். செடிக்கடியில் போட்டுவிடுங்கள்.