அடுப்பருகே ஒரு முக்காலி

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகனும் சேர்ந்து ஃபால்கன்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்து பற்றி நீங்கள் முன்பு எழுதியிருப்பதால் இதைக் கேட்கிறேன். இந்த 2024 மார்ச் மாதம் நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கான கிர்க் கசின்ஸை எங்கள் அணிக்கு அழைத்து வந்தார்கள். அடுத்த மாதமே டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், எட்டாவது இடத்தில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற இளம் குவாட்டர்பேக்கையும் எடுத்தார்கள். இப்போது டிசம்பரில், சீசன் முடிய மூன்றே ஆட்டங்கள் இருக்கும்போது 36 வயதுக் கசின்ஸை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு 24 வயதுப் பெனிக்ஸை இறக்கிவிட்டார்கள்.

மகன் கொண்டாடுகிறான். எனக்கு மனம் ஆறவில்லை. இத்தனை ஆண்டுகள் ஆடிய மனிதரைத் தொப்பி மாட்டி ஓரத்தில் நிறுத்துவது அவமானம் இல்லையா? எல்லாம், ஓர் அணி மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்புக் கணக்குத்தானா? 2001இல் நியூ இங்கிலாந்து அணி மூத்த பிளெட்சோவை ஒதுக்கிவிட்டு இளம் டாம் பிரேடியை இறக்கியது சரியாகத்தானே போயிற்று என்கிறான் மகன். மூத்தவரா இளையவரா என்று முடிவு செய்ய அளவுகோல் ஏதாவது உண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், அட்லாண்டா

*

அன்புள்ள நண்பருக்கு,

என் அப்பாவின் திதி முடிந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. ஓரத்தில் உட்கார்த்தப்பட்ட ஒரு மனிதரைப் பற்றியே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பள விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2011க்குப் பிறகு புதிதாக வரும் வீரரின் சம்பளம், அவர் டிராஃப்டில் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே நிர்ணயமாகிவிடுகிறது. இளம் குவாட்டர்பேக் நான்கு ஆண்டுகளுக்கு மலிவாகக் கிடைக்கிறார். அது உண்மைதான். ஆனால் கசின்ஸுக்கு 10 கோடி டாலர் உறுதியாகத் தருவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. அவர் ஆடினாலும் உட்கார்ந்தாலும் அந்தப் பணம் போனதுதான். ஆகவே இந்த முடிவுக்குக் காரணம் அது இல்லை. கடைசி ஐந்து ஆட்டங்களில் அவர் கொடுத்த டச் டவுன் பாஸ், அதாவது எல்லையைக் கடந்து புள்ளி தந்த எறிதல், ஒன்றே ஒன்று. எதிரணி பறித்துக்கொண்ட பந்துகள் ஒன்பது. காரணம் அவ்வளவுதான்.

பிரேடி கதையையும் உங்கள் மகன் விட்டுவிடட்டும். டிராஃப்டில் 199ஆவதாக எடுக்கப்பட்ட ஒருவர் உலகத்தையே ஆள்வார் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நூறாண்டில் ஒருமுறை விழும் மழையை வைத்து விதைப்புக்கு நாள் குறிக்க முடியாது. அந்தக் கதையில் நான் பார்ப்பது பிளெட்சோவைத்தான். 2001 செப்டம்பரில் ஒரு மோதலில் நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்து மருத்துவமனைக்குப் போனவர், குணமாகி வந்து பார்த்தால் தன் இடம் பிரேடியுடையதாகிவிட்டிருந்தது. ஜனவரியில் பிட்ஸ்பர்கில் பிரேடியின் கணுக்கால் அடிபட்டபோது பிளெட்சோவை இறக்கினார்கள். நான்கு மாதம் ஆடாதவர். எல்லைக் கோட்டருகே ஓடும்போது செப்டம்பரில் விழுந்ததைப் போலவே ஓர் அடி விழுந்தது. எழுந்தார். சற்று நேரத்தில் டேவிட் பேட்டனுக்கு டச் டவுன் பாஸ் கொடுத்தார். அணி சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போனது. அங்கே ஆடியது பிரேடி. பிளெட்சோ ஓரத்தில் நின்றார். இதை ஒருநாள் மகனுக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டும். 'அவமானம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எது அவமானம்? தொப்பி மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பதா? அப்படியானால் அந்த ஆட்டத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்தும் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். நன்றிக்கடன் தீர்க்க ஒருவரை ஆட்டத்தில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. 2023 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்து, மீண்டு வந்த கால் அது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் வாராவாரம் பந்தைப் பறிகொடுப்பதை எழுபதாயிரம் பேர் பார்க்க வேண்டும் என்கிறீர்களா?

அவமானம் நடந்தது டிசம்பரில் இல்லை, ஏப்ரலில். டிராஃப்டில் தங்கள் முறை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணி கசின்ஸுக்குத் தகவல் சொன்னது. ஒப்பந்தம் போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த மனிதர் வீடு மாறி, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இன்னொருவரை எடுப்பதில் தவறே இல்லை. அது அணியின் கடமை. ஒருநாள் முன்னதாகக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, 'இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது' என்று சொல்ல என்ன தடை? விஷயம் வெளியே கசிந்துவிடும் என்ற பயமாம். ஒரு மனிதரை நம்பிப் பத்துக் கோடி டாலர் கொடுக்க முடிகிறது, ஓர் இரவுக்கு ஒரு ரகசியத்தைக் கொடுக்க முடியவில்லை. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்தில் கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரராக இருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் கண்ணில் புரை விழுந்தது. வெளியில் சொல்லாமல் சமாளித்தார். அந்த ஆண்டு தை மாதத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு நானும் உடன் போனேன், காய் நறுக்க. விடியற்காலை மூன்று மணிக்குக் கொல்லைப்புறம் நுழைந்தால், கோட்டையடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அப்பா நிற்க வேண்டிய இடத்தில், அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் ஐந்து வருடம் எடுபிடியாக இருந்த பையன் நிற்கிறான். ஒப்பந்தக்காரர் முதல் நாளே பேசி முடித்துவிட்டார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கும் அப்பாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தார். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

இனி வேலைக்குப் போக மாட்டார் என்று அம்மா நினைத்தாள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிட்டார். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். அன்று லட்டு. சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு வர வேண்டும். பையன் நிமிடத்துக்கு ஒருமுறை பாகைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்துப் பிரித்து, கம்பி இழுக்கிறதா என்று விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் சிவந்துவிட்டது. அப்பாவுக்கோ கம்பியும் தெரியாது, பாகும் தெரியாது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று, 'விறகை இழு. இறக்கு' என்றார். பையன் தொட்டுப் பார்த்தான். ஒரே கம்பி, அறுந்துபோகாமல் நின்றது.

கொதிக்கிற சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் சுண்டச் சுண்டக் கொப்புளம் கனத்துச் சத்தம் தடித்துவிடுமாம். இத்தனை வருடம் கரண்டி பிடித்திருந்தபோது அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. நேரம் இருந்திருக்காது, தோன்றியிருக்கவும் செய்யாது. மூன்றாவது முகூர்த்தத்தில் அந்தப் பையனும் தலையைச் சாய்த்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இது உங்கள் ஆட்டத்துக்கு அப்பாற்பட்டது இல்லை, நண்பரே. குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை பந்தை ஆட்டத்தில் இறக்கவும் தனியாக ஒரு கடிகாரம் ஓடும், அதில் பதினைந்து விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் எதிரே நிற்கும் பதினொரு பேரில் யார் முன்னே பாய்வது போலப் பாசாங்கு செய்கிறான், யார் பின்வாங்கப்போகிறான் என்று அவரே படித்தாக வேண்டும். அந்தப் பதினைந்து விநாடிதான் பாகின் சத்தம். அதை இன்னொருவர் காட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் மிச்சமாகும்.

அலெக்ஸ் ஸ்மித் என்ற குவாட்டர்பேக்கை உங்களுக்கு நினைவிருக்கிறதா? 2005 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் தோல்வியும் ஏச்சும் பட்டு, 2011இல் ஒருவழியாகத் தலைநிமிர்ந்து, 2012இலும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். எறிந்த பந்துகளில் நூற்றுக்கு எழுபது சேர வேண்டிய கையில் போய்ச் சேர்ந்தன. நவம்பரில் தலையில் அடிபட்டது. அவர் குணமானபோது இடம் கேப்பர்னிக் என்ற இளையவருடையது. அணி சூப்பர் பௌல் ஆடியதை ஓரத்தில் நின்று பார்த்தார். கசின்ஸைப் போல மோசமாக ஆடிக்கூட இடத்தை இழக்கவில்லை.

அங்கிருந்து கான்ஸஸ் சிட்டி. முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்றிருந்த அணி, அவர் வந்த ஆண்டில் 11 வென்றது. 2017 ஏப்ரலில் அவருக்கு 32 வயது. அணி டிராஃப்டில் 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்குத் தாவி மஹோம்ஸ் என்ற இளம் குவாட்டர்பேக்கை எடுத்தது. இரண்டாவது முறையாக ஒரு பையன் வந்து நிற்கிறான். அந்தக் குளிர்காலம் நான் கான்ஸஸ் சிட்டியில் மகள் வீட்டில் இருந்தேன். ஸ்மித் அந்த ஆண்டு ஆடியதுதான் அவர் வாழ்நாளின் சிறந்த ஆட்டம். பாஸ் மதிப்பீட்டில் லீக்கிலேயே முதலிடம். இன்னொரு கையால் அந்தப் பையனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது, எதிரணியின் வீடியோவில் எதைப் பார்ப்பது என்று தான் செய்வதையெல்லாம் மறைக்காமல் காட்டினார். தனக்கு அவர் என்ன செய்தார் என்பதை மஹோம்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். டிசம்பர் 24 அன்று மருமகன் என்னை ஆரோஹெட் மைதானத்துக்கு அழைத்துப் போனார். மயாமியை வென்ற ஆட்டம். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் கோட்டோரத்தில் தொப்பியோடு நின்ற இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீசன் முழுக்க மஹோம்ஸ் தொடக்க வீரராக இறங்கியது கடைசி ஆட்டம் ஒன்றில்தான். ஜனவரியில் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த சீசனில் மஹோம்ஸ் 50 டச் டவுன் பாஸ் கொடுத்தார்.

தனக்கு நடந்ததை நினைத்து ஸ்மித் வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். அதே வாஷிங்டனில் 2018 நவம்பரில் அவர் கால் எலும்பு முறிந்தது. புண்ணில் தொற்று ஏறி, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. பதினேழு அறுவை சிகிச்சைகள். 2020 அக்டோபரில் மறுபடி ஆட வந்தார். மூன்று சூப்பர் பௌல் கோப்பைகள் மஹோம்ஸிடம் இருக்கின்றன, ஸ்மித்திடம் ஒன்றும் இல்லை. நான் யாரை வணங்குகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அளவுகோல் கேட்டீர்கள். என்னிடம் இல்லை. கசின்ஸா பெனிக்ஸா என்றால் பெனிக்ஸ்தான், மகன் சொல்வது சரி. கல்லூரிக் காலத்தில் அடுத்தடுத்து நான்கு சீசன்கள் காயத்தால் பாதியில் முடிந்தும் திரும்பி வந்தவர் அவர். முதல் ஆட்டத்தில் நியூயார்க்கை 34-7 என்று வென்றதில் மயங்க வேண்டாம், அன்று அவர் கையிலிருந்து டச் டவுன் பாஸ் ஒன்றும் வரவில்லை. இன்னும் நிறையப் பறிகொடுப்பார்.

அடுத்த ஞாயிறு டிவி முன்னால் உட்காரும்போது ஒரு வேலை செய்யுங்கள். பெனிக்ஸ் பந்தைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வரும்போது கேமரா ஒருகணம் பெஞ்சைக் காட்டும். கசின்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தள்ளியா, பக்கத்திலா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மகனுக்கு என்ன வயது என்று சொல்லவில்லையே, அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.