ஆரல்வாய்மொழி மலைச்சுவர்: பிளவு காரணமா?

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல செங்குத்தாக நிற்பதை மட்டும் வைத்து, பூமியின் மேலோடு இழுபட்டு அங்கே பிளவு (இருபுறப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகரும் முறிவு) இன்னும் நகர்கிறது என்று சொல்ல முடியாதுங்க.

இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் பிரிந்த சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மேலோடு இழுபட்டது உண்மை. அதன்பின் பெரும்பாலும் மழையும் ஆறும் செதுக்கியதுதான். அரிப்பு பாறைச் சுமையை இறக்க இறக்க, சரக்கு இறக்கிய படகுபோல நிலம் மேலெழும். பரவலாக 1000 மீட்டர் பாறை போனால் ஏறக்குறைய 800 மீட்டர் மீண்டு எழும். பள்ளத்தாக்கு மட்டும் ஆழமானால் சிகரம் முன்பைவிட உயரவும் செய்யும். எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான்.

செயற்கைக்கோள் படத்தில் அடிவாரக் கோட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் வாசாட்ச் மலைபோல நேராக, மலைமுனைகள் வெட்டுப்பட்டது போன்ற முக்கோண முகப்புகளோடு இருந்தால் பிளவைச் சந்தேகிக்கலாம். வளைந்து நெளிந்து, கன்னியாகுமரி அருகே உள்ள மருந்துவாழ் மலைபோல முன்னால் தனிக்குன்றுகள் நின்றால் அரிப்புதான் காரணம் எனலாம்.

ஆனால் பழைய பாறை வெடிப்பு வழியே அரித்தாலும் நேர்கோடு வரும், கவனம்.