சாரம் ஏற வேண்டாம், மேஸ்திரி அண்ணா

குடியாத்தம் மேஸ்திரி அண்ணாவுக்கு வணக்கம்.

"வீல்சேரில் இருக்கிற பிள்ளை சாரத்தில் எப்படிம்மா ஏறும்? பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்க" என்று போனில் கேட்டீர்கள். பாப்பாவோ கட்டடப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். நான் அவள் பக்கம். ஏன் என்று உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வாசல். சாய்தளம் எத்தனை அடி நீளம் போடுவீர்கள்? நம் பக்கம் ஐந்தாறு அடியில் முடித்துவிடுகிறார்கள். 1:12 என்பது விதி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், ஆக 18 அடி வேண்டும். ஆறடிச் சரிவில் பைக் ஏறும். பாப்பா தனியாக ஏற முடியாது, இறங்கினால் கவிழ்வாள். அவ்வளவு இடமில்லாத மனையில் சாய்தளத்தை மடித்துப் போடுவதா, வாசலையே தாழ்த்துவதா என்று பிளான் போடும்போதே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அவரை அணுகல் ஆலோசகர் என்பார்கள். அதற்குச் சாரம் தேவையில்லை. டேப், வரைபடம், சட்டம் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல் விதிகளை (மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்குவதற்கான விதிகளை) மதிக்காத பிளானுக்கு அனுமதி கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றச் சொல்கிறது. இருந்தும் மத்திய விதிகளில் பரிந்துரையாக நின்றவை நிறைய. எது கட்டாயம் என்பதைத் தனியே வகுக்கும்படி 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி வரும் வரைவு விதிகளைப் படித்துக் கருத்து எழுதுவதும் இந்தத் தொழில்தான். எனக்கு இதில் பெரிய ஆசை உண்டு அண்ணா. 'மூன்றடிக் கதவு' என்று விதியில் எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிலைக்கட்டையும் திறந்த கதவின் தடிமனும் போனால் மிஞ்சுவது மூன்றடி இல்லை. 'கதவு திறந்தபின் தடையில்லாத அகலம் 900 மி.மீ.' என்று எழுதினால் தப்பவே முடியாது. அந்த ஒரு சொல்லின் வித்தியாசம், மேஸ்திரி வீட்டில் வளர்ந்து வீல்சேரில் நடமாடும் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி எத்தனை பேருக்குப் புரியும்?

ஆனால் அனுபவம் மட்டும் போதாது, பட்டம் வேண்டும். குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளில் இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டம் (ஐந்து ஆண்டு, நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்) அல்லது பி.இ. சிவில் (நான்கு ஆண்டு). வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசுக் கல்லூரியிலேயே சிவில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கு குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

அணுகல் ஆலோசகர் என்ற பெயரிலேயே முழுநேர வேலை இன்று குறைவு, அதுவும் பெரும்பாலும் பெருநகரங்களில். முதல் சில ஆண்டுகள் பிளான் வரைந்துதான் சம்பளம் வரும். அடிப்படைப் பட்டத்தை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

போன வருடம் ஒரு பள்ளியில் நான் போன படிப்பு வழிகாட்டல் கூட்டத்தை மாடியில் வைத்தார்கள். ஏற முடியாத ஒரு மாணவி இரண்டு மணி நேரம் கீழே போர்டிகோவில் காத்திருந்தாள். இறங்கி வந்துதான் எனக்குத் தெரிந்தது. முதலிலேயே கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் பாப்பாவைக் கூட்டிப் போயிருக்கிறீர்கள் அல்லவா? அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தபின் வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர்.

விண்ணப்பம் போடுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். வகுப்பறை எந்த மாடி, லிப்ட் ஓடுகிறதா, பெண்கள் கழிப்பறைக்குள் வீல்சேர் திரும்ப ஐந்தடி இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பைப் பாப்பா கையில் கொடுங்கள். அளவுகளை அவளே எழுதி எனக்கு அனுப்பட்டும்.